செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

மூன்று வாளித் தண்ணீர் கொள்ளும் தொட்டி அது. நாலு பக்கமும் கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்ரிக். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பின்னேரம், கடைசி நோயாளி எழுந்து போன பிறகு, அதைத் துடைத்து இயந்திரத்தின் கட்டிலில் ஏற்றி, தண்ணீர் நிரப்பி மூடிவைப்பது என் வேலை. பிள்ளைகளே, வைத்தியசாலையின் சலவைப் பகுதிக்கு வருவதற்கு முன்னர் உங்கள் அப்பா ஏழு வருடம் செய்த வேலை அது. “உன்ரை அப்பாவை ஏன் அங்கையிருந்து கலைச்சவை?” என்று பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டதாகச் சின்னவள் அழுதுகொண்டு வந்தாள். அதற்குப் பதிலைத்தான் எழுதுகிறேன்.

அந்த இயந்திரத்தின் பெயர் ஆர்முடுக்கி என்று கதவில் எழுதியிருக்கும். நாங்கள் மெசின் என்போம். இலத்திரன் என்ற கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளை ஒரு குழாய்க்குள் விரட்டி விரட்டி வேகமேற்றி, அதிலிருந்து பிறக்கும் கதிரைப் புற்றுநோய்க் கட்டியில் படவைப்பார்கள். கதிர் கூடினால் நல்ல தசையும் வெந்துபோகும். குறைந்தால் நோய் மிஞ்சிவிடும். ஆகவே புதன்கிழமை விடியவே, பேனை அளவான ஒரு கருவியைத் தொட்டித் தண்ணீருக்குள் இறக்கி, மெசினை ஓடவிட்டு, கதிரை அளப்பார்கள். குழாயில் அப்போதுதான் பிடித்த தண்ணீரின் சூடு வேறு, அறையின் சூடு வேறு, அளவு பிழைத்துவிடும். தண்ணீர் ஓர் இரவு முழுக்க அந்த அறையிலேயே இருந்து ஆறவேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு இதை விளங்கப்படுத்தியவர் அங்கே பௌதிகவியலாளராக இருந்த மிஸ். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். எத்தனை புதன் வந்தாலும் முதற்கேள்வி ஒன்றுதான்.

“அண்ணை, தண்ணி நேற்றுப் பிடிச்சதோ?”

“ஓம் மிஸ், அஞ்சு மணிக்கே பிடிச்சு மூடினனான்.”

“தெரியும். எண்டாலும் கேக்கவேணும்.”

அந்தப் புதன்கிழமை கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் மெசினைப் பார்க்க வருவதாக இருந்தது. வாசலில் வாழை கட்டியாயிற்று. மிஸ் அளந்தார். கருவியைத் துடைத்து மறுபடி அளந்தார். மற்றொரு கருவியை எடுத்து வந்து மூன்றாம் தரமும் அளந்தார். மூன்று தரமும் கதிர் கூடுதலாகவே காட்டியது. மெசினைப் பூட்டி, திறப்பைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டு, “இண்டைக்கு இல்லை” என்றார்.

நிர்வாக ஐயா ஓடி வந்தார். “ஒரு பத்து நிமிசம் ஓட்டிக் காட்டும் பிள்ளை. அவையள் படமெடுத்துக்கொண்டு போயிடுவினம்.” மிஸ் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். ஆனால் ஐயாவைவிட நோயாளிகளுக்குத்தான் கோபம். முல்லைத்தீவுப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஓர் அம்மா எழுந்து நின்று ஏசினார்.

“கோழி கூவமுதல் வெளிக்கிட்டனாங்கள். நீங்கள் உள்ளுக்கை உந்தத் தண்ணித் தொட்டிக்குப் பூசையோ செய்யிறியள்?”

இப்படியான செய்தியைச் சொல்ல என்னைப்போல் ஓர் ஆளை அனுப்புவதுதான் வழக்கம். மிஸ் தானே வெளியில் வந்தார். “இண்டைக்குத் திருப்பி அனுப்பினால் என்னை நல்லா ஏசுங்கோ அம்மா. கதிர் கூடச் சுட்டுப்போட்டால் ஆரை ஏசுவியள்?” என்று கேட்டு, நோயாளிகள் இருக்கும் வாங்கில் அந்த அம்மாவுக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டார். எல்லோருக்கும் வேறு நாள் குறித்துக்கொடுத்து முடியும்வரை எழும்பவில்லை. பெரிய ஆட்கள் வந்து, ஓடாத மெசினைப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள்.

சில நாளில் பொறியியலாளர் வந்து மெசினுக்குள் ஒரு பாகத்தை மாற்றினார். அதன்பின் கதிரின் அளவு சரிவந்தது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. வந்தவர்களுக்கு முன்னால் வெட்கப்பட்டவர்களுக்கு யாராவது ஒருவர் பிழைகாரராக வேண்டியிருந்தது. அது எப்படியும் மாற்றவேண்டிய பழைய பாகம்தானாம். மிஸ் அளந்ததுதான் பிழையாம். விசாரணை வைத்தார்கள். நிர்வாக ஐயா என்னைக் கூப்பிட்டுத் தன் மேசைக்கு எதிரே போட்டிருந்த கதிரையில் இருத்தினார். ஏழு வருடத்தில் அன்றுதான் அந்தக் கதிரை எனக்குக் கிடைத்தது.

“தண்ணி விடியத்தான் பிடிச்சனான் எண்டு ஒரு வரி எழுதித் தாரும், காணும். உமக்கு நிரந்தர நியமனம் வரப்போற நேரம். உதைக் கெடுக்காதையும்.”

மிஸ்ஸுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. தொட்டியைத் துடைத்துக்கொண்டு நின்ற என்னிடம் வந்தார். “எழுதிக் குடுங்கோ அண்ணை. உங்களுக்குப் பிள்ளையள் இருக்கு. நான் கோவிக்கமாட்டன்.”

எனக்கு வந்த கோபம் நிர்வாக ஐயாவோடுகூட வரவில்லை. “மிஸ், அளந்தது நீங்கள். தண்ணி பிடிச்சது நான். என்ரை வேலையை விட்டுக்குடுக்க உங்களுக்கு ஆர் உரிமை தந்தது?” என்று சத்தம் போட்டேன். அவர் சிரித்தாரா, அழுதாரா என்று பார்க்க நான் திரும்பவில்லை.

அந்த மாத ஊழியர் செய்திகள் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டன. ஒரு தாதியின் திருமண வாழ்த்துக்குக் கீழே மிஸ்ஸின் இடமாற்றம், வெகு தூரம். அதற்கும் கீழே நான்: தற்காலிகச் சிற்றூழியர், சலவைப் பகுதிக்கு. மிஸ்ஸை அதற்குப் பிறகு நான் காணவில்லை. விசாரணை இன்னும் மூடப்படாததால் அவருடைய பதவி உயர்வு தடைப்பட்டு நிற்பதாக மட்டும் அறிகிறேன். விசாரணைக் கடிதங்களைக் கட்டிவைத்த அந்தக் கோவையில் இல்லாதது என் ஒரு வரிதான். அது வந்தால் அவர் பிழைகாரர்.

போன கிழமை மறுபடி கூப்பிட்டார்கள். நிர்வாக ஐயா இன்னும் மேலே போய், இப்போது குளிரூட்டிய அறையில் இருக்கிறார். சலவைப் பகுதியின் ஆவியில் என் கையெல்லாம் வெடித்திருந்ததைப் பார்த்து, உண்மையாகவே இரங்கினார் போலத்தான் தெரிந்தது. தாளையும் பேனையையும் என் பக்கம் தள்ளினார்.

“இத்தனை வருசமாச்சு. இனியாவது யோசிச்சு எழுதும்.”

பேனையை எடுத்தேன். அவருடைய முகம் மலர்ந்தது. நான் அவசரப்படாமல், எழுத்துக் கோணாமல் எழுதினேன்: தண்ணீர் செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு என் கையால் பிடிக்கப்பட்டது. கீழே முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

அவர் வாசித்தார். தாளைத் திருப்பித் தள்ளினார். நான் அதை மறுபடி அவர் பக்கம் தள்ளிவிட்டு, “உந்தத் தாளைக் கோவையிலை போடுங்கோ, ஐயா” என்று சொல்லி எழும்பினேன்.