கியாக்தானில் நான் சொன்ன செய்தி

கடந்த பிப்ரவரியில் நான் மியன்மாரில் உள்ள யாங்கோன் போனது ஊர் பார்க்க அல்ல, செல்வாவைப் பார்க்க. ஆப்பிரிக்காவில், மலாவியில் ஏழு வருடம் நாங்கள் ஒரே அலுவலகத்தில் இருந்தோம். முதியவர்களுக்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் மாதாமாதம் உதவித்தொகை போய்ச் சேர, அந்த நாட்டு அரசுக்குத் துணைநின்ற வெளிநாட்டுக் குழு எங்களுடையது. கிராமங்களில் பணம் கைக்குப் போகிறதா என்று பார்ப்பவன் செல்வா. யாங்கோன் தமிழன், பாட்டனார் துறைமுகக் கூலி. நிதி கொடுத்த நாடு கையை விரித்ததும் எங்களை ஒரே மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்த ஊழியர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, மருத்துவக் காப்பீடும் இல்லை. அடுத்தவருக்குப் பாதுகாப்பு அமைத்துக் கொடுத்தவர்கள் நாங்கள்!

அவனுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது, ஒருமுறை வந்து போங்கள் என்று அவன் மனைவி ராணி எழுதியிருந்தாள். மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து பாங்காக் வழியாக யாங்கோன். நகரின் நடுவே பபேடான் பகுதியில், பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் ஒரு விடுதியில் தங்கினேன். மின்சாரம் எப்போது வரும் என்று விடுதிக்காரருக்கே தெரியாது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டாக்சி. செல்வாவின் வீடு இருக்கும் கியாக்தானுக்குப் போய்வர, காத்திருப்பும் சேர்த்து, தொண்ணூறாயிரம் கியாட். ஓட்டுநர் கோ மின்னுக்கு அம்மா வழியில் தமிழ் வரும்.

"பாஸ்போட் கையிலயே வெச்சிக்குங்க. பாலத்துல கேப்பாங்க. இருட்டுறதுக்குள்ள திரும்பிடணும்" என்றார்.

பாலத்தில் ராணுவத்தார் கேட்டார்கள். பையைக் கொட்டிப் பார்த்தார்கள். முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

ராணி வாசலிலேயே என்னை மறித்தாள். "அண்ணே, மலாவில எல்லாம் நின்னுபோச்சுன்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க. மறுபடி நடக்குது, ஆபீஸ்ல கூப்பிடுவாங்கன்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன். அந்த நம்பிக்கைலதான் இருக்காரு."

உள்ளே செல்வா கால்கள் வீங்கிப் படுத்திருந்தான். முகம் மண்நிறம். ரத்தத்தைச் சுத்திகரிக்க உடனே தொடங்க வேண்டும், அதற்கு யாங்கோனில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டை விற்றால்தான் முடியும்.

"வீட்ட எதுக்கு விக்கணும்? ஆபீஸ் கூப்பிட்டா இன்சூரன்ஸ் கேட்டு வாங்கிடலாம். இந்தியாவுல வந்து பாத்துக்குவேன். இல்லையாண்ணே?" என்றான்.

ராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பொய் அவனைத் தேற்றியது, அதே பொய்தான் அவனைக் கொன்றுகொண்டும் இருந்தது.

"யாரும் கூப்பிட மாட்டாங்க செல்வா. ஆபீஸே இல்ல. கட்டடத்தைக் காலி பண்ணிட்டாங்க."

அவன் கையூன்றி எழுந்து உட்காரப் பார்த்தான். பிறகு, "அப்ப அந்தக் கெழவங்களுக்கு யாரு குடுக்குறா?"

"நாம பாத்த கிராமங்கள்ல யாரும் இல்ல."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான். ராணி என் பக்கம் திரும்பாமல் அவன் காலைப் பிடித்துவிட்டாள். பிற்பகலில் அவனே, "அந்த மளிகைக் கடைக்காரரு வீட்ட கேட்டாருல்ல, வரச் சொல்லு" என்றான். அதே டாக்சியில் அவனைப் பின்சீட்டில் சாய்த்துக்கொண்டு யாங்கோன் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். கோ மின் கூடுதலாக எதுவும் வாங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மடிப்பில்லாத டாலர் நோட்டாக எடுத்துச் செல்லுங்கள், மடிப்பு விழுந்ததை அங்கே வாங்க மாட்டார்கள். இரவில் வெளியே அலைய வேண்டாம். கியாக்தானில் ஆற்று நடுவே உள்ள பகோடாவுக்குப் படகு உண்டு என்கிறார்கள், நான் பார்க்கவில்லை. எங்களைப் போல வெளிநாட்டு உதவித் திட்டங்களில் சேரும் இளைஞர்களே, சம்பளத்தைக் கேட்பதற்கு முன், வேலை நின்றால் என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். கிராமத்து மக்களுக்காகவும் அதையே கேளுங்கள். நாங்கள் இரண்டையும் கேட்கவில்லை.

யாங்கோனில் லத்தா பகுதியில் வாடகை அறை எடுத்து, வாரம் இருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து, செல்வா மூன்று மாதம் இருந்தான். மழை தொடங்கியபோது போய்விட்டான். ராணியின் பேச்சை மீறி உண்மையைச் சொன்னதற்காக நான் தொலைபேசியில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"வீடும் போச்சு, ஆளும் போச்சு அண்ணே" என்றாள் ராணி. "ஆனா அந்த மூணு மாசமும் நான் அவருகிட்ட ஒரு பொய்கூட சொல்லல."