ஜெயபால் வாத்தியார் போட்ட சராசரி

குத்தம்பாக்கத்தில் ஜெயபால் வாத்தியாரைக் ‘கணக்குப் புலி’ என்பார்கள். புலியாவது வெங்காயமாவது! அந்த ஆளுக்குத் தெரிந்தது ஒரே கணக்குதான். எதைக் கொடுத்தாலும் கூட்டு, வகு, சராசரி எடு. ஏன் என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால் பிரம்பு பேசும். குறைகுடம் தளும்பும் என்பார்களே, இந்தக் குடம் தளும்பி ஊரையே நனைத்தது.

அவர் மகள் ஞானசௌந்தரி எட்டாவது தேறியவள். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. முப்பத்தாறாம் வருஷம் ஆனி மாதத்தில், பட்டணத்தில் அதற்கான பயிற்சிப் பள்ளிக்கு நுழைவுப் பரீட்சை வைத்தார்கள். காலை பத்து மணிக்குள் போய் உட்கார வேண்டும். ஜெயபால் முன்கூட்டியே சொல்லிவிட்டார், இந்த ஒரு தடவைதான் என்று. தவறினால் வானகரத்துச் செங்கல் சூளைக்காரருக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். அவர் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், தைக்குள் கல்யாணம் முடிய வேண்டும் என்று அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்.

பரீட்சைக்கு முந்தின நாள் நல்ல மழை. சாயங்காலம் வண்டிக்கார வரதன் வந்தான்.

“வாத்தியாரே, திருநின்றவூர் டேசன் ஆறு மைலு. ஏரிப்பக்கம் ஒரே சேறா கீது. கோழி கூவ சொல்லவே, இருட்டோடவே கெளம்பிடலாம்.”

வாத்தியார் சிரித்தார். பெரிய மேதாவி சிரிப்பு!

“கேட்டுக்கோ. முதல் பாதி வழி சேறு, மாடு மணிக்கு ரெண்டு மைல் போவும். மறுபாதி ஜல்லி ரோடு, மணிக்கு ஆறு மைல். ரெண்டும் ஆறும் எட்டு. சராசரி நாலு. ஆறு மைலுக்கு ஒன்றரை மணி. ரயிலு ஏழரைக்கு. ஆறு மணிக்கு ஏறினா போதும்டா.”

உள்ளேயிருந்து ஞானசௌந்தரி வந்தாள். “நைனா, பாதி வழிதானே சேறு? பாதி நேரம் இல்லியே. சேத்துல மூணு மைலு போறதுக்கே ஒன்றரை மணி ஆயிடுமே!”

“பொட்டக் கழுத, எனக்கே கணக்கு சொல்லித் தர்றியா? போய் அடுப்பப் பாரு.”

மறுநாள் ஆறு மணிக்குத்தான் வண்டி கிளம்பியது. ஏரிக்கரைச் சேற்றில் சக்கரம் அச்சுவரை இறங்கியது. வரதன் இறங்கித் தள்ளினான், ஞானசௌந்தரியும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினாள். வாத்தியார் மட்டும் வேட்டியில் சேறு படாமல் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, “ஓட்றா, ஓட்றா” என்று வரதனை வைதுகொண்டே வந்தார். ஒருவழியாக வண்டி ஜல்லி ரோட்டில் ஏறியது. மாடு நாலடி ஓடியிருக்காது, தூரத்தில் ரயில் கூவியது. ஞானசௌந்தரி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அடுத்த ரயில் மத்தியானம்தான்.

வாத்தியார் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். சரியாக ஏழரை.

“கணக்கு சரிதான்,” என்றார். “மாடுதான் சரியில்ல.”

த்தூ! பெற்ற மகளின் வாழ்க்கையைச் சேற்றில் இறக்கிவிட்டு வாயில்லாத ஜீவன்மேல் பழி போடுகிற மூஞ்சியைப் பாருங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவருடைய ஏட்டில் சுரைக்காயே கிடையாது. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் அதே கணக்கைப் போட்டு, அதே விடையை எழுதி, பிள்ளைகளை மனப்பாடம் பண்ண வைத்தார். வெட்கமாவது, மானமாவது!

தையில் பூந்தமல்லிக் கோவிலில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நரைமுடிக்கு மை தடவிக்கொண்டு வந்திருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் உறவுக்காரர் உலகநாதனுக்கு மனசு பொறுக்கவில்லை.

“இன்னா வாத்தியாரே, அவருக்கு நாப்பத்திநாலு, பொண்ணுக்குப் பதினாறு. அடுக்குமா இது?”

ஜெயபாலுக்கு முகம் மலர்ந்தது. யாரோ கணக்குக் கேட்டுவிட்டார்களே!

“நாப்பத்திநாலும் பதினாறும் அறுபது. ரெண்டால வகு. ஜோடிக்குச் சராசரி முப்பது. கல்யாணத்துக்கு ஏத்த வயசுதானே? இன்னா கொறச்சல்?”

மாலையும் கழுத்துமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞானசௌந்தரி அப்போதுதான் தலை நிமிர்ந்தாள்.

“இந்தக் கணக்க மட்டும் சரியா போட்டுட்ட, நைனா.”