இரண்டு பெயர் போட்ட செக்

என் கணவர் இறந்தது மார்ச் மாதம். அந்த வருடத்து வருமான வரிப் படிவத்தை அவர் பிப்ரவரியிலேயே தபாலில் சேர்த்திருந்தார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. நியூ ஜெர்சியில் ரயில் பாதையை ஒட்டிய ஓர் அபார்ட்மெண்டில் இருந்தோம். அவர் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் இன்ஜினியர். நான் வேலைக்குப் போகவில்லை. மகள் இரண்டாம் வகுப்பு.

படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, முதலில் பென்சிலால் எழுதி, அதன்மேல் பேனாவை ஓட்டுவார். எனக்குக் கணக்கெல்லாம் தெரியாது. காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். "ரீஃபண்டு வந்ததும் டிக்கெட் புக் பண்ணிடலாம். சம்மர்ல மெட்ராஸ் போயிட்டு வந்துடலாம்" என்றார்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை, பார்க்கிங் லாட்டில் காரைச் சுற்றியிருந்த பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தவர், அப்படியே கார்மேல் சாய்ந்துவிட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். களைப்பாறுகிறார் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் வந்த வாரங்கள் எனக்குச் சரியாக நினைவில் இல்லை. யார் யாரோ சமைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். ஊரிலிருந்து போன் வந்தால் அந்தப் பக்கம் அழுகை, இந்தப் பக்கம் அழுகை. வார்த்தை ஒன்றும் தேவைப்படவில்லை. மகளிடம் மட்டும், "அப்பா சாமிகிட்ட போயிட்டார்" என்று சொல்லியிருந்தேன்.

மே மாதமும் முடிந்தது. ரீஃபண்டு வரவில்லை. அந்த வருடம் பலருக்கும் தாமதம் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அவர்களால் பொறுத்திருக்க முடிந்தது. எனக்கு வாடகை கொடுக்க வேண்டும். மாடி வீட்டு அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், வரி அலுவலகத்தின் நம்பரைத் தேடி எடுத்துத் தந்தார். "நீங்களே கதையுங்கோ. உங்கட இங்கிலீஷ் காணும்" என்றார். காணும் என்றால் அவர் பேச்சில் போதும் என்று அர்த்தம்.

ஆபீஸ் என்று எதற்கும் நான் போன் பண்ணியதே இல்லை. எல்லாம் என் கணவர்தான். எப்போது சுற்றினாலும் எங்கேஜ்டு. ஒரு நாள் மகள் பள்ளியிலிருந்து வந்த பிறகு லைன் கிடைத்தது. ஏதோ சங்கீதம் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் பேசினாள். அவருடைய சோஷியல் செக்யூரிட்டி நம்பரைச் சொன்னேன்.

"படிவத்தில் முதல் பெயர் உங்கள் கணவருடையது. அவரிடம் பேசலாமா?" என்று கேட்டாள்.

"அவர் இங்கே இல்லை."

"எப்போது வருவார்?"

நான் போன் ஒயரை விரலில் சுற்றினேன். அவளுக்கு என்ன தோன்றியதோ, குரலைத் தணித்துக்கொண்டு, "இஸ் ஹி டிசீஸ்ட், மேம்?" என்றாள்.

டிசீஸ் என்றால் வியாதி. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவருக்கு வியாதியே கிடையாது. ஒரு தலைவலி மாத்திரைகூடப் போட மாட்டார். அவரைப்பற்றி அவள் எப்படி அப்படிச் சொல்லலாம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. "நோ, நோ. ஹி வாஸ் நெவர் சிக்" என்றேன்.

"அப்படியானால் அவரையே போன் செய்யச் சொல்லுங்கள்."

"ஹி கான்ட். ஹி இஸ் டெட்" என்றேன்.

தனக்கு வருத்தம் என்றாள். படிவம் வந்து சேர்ந்திருக்கிறது, இன்னும் பார்க்கப்படவில்லை, சில வாரம் கழித்துக் கூப்பிடுங்கள் என்றாள். நான் தேங்க் யூ சொல்லிப் போனை வைத்தேன்.

திரும்பினால், சமையலறை வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். கையில் பாதி உரித்த வாழைப்பழம்.

"யூ செட் டெட்" என்றாள். "யூ நெவர் செட் டெட்."

அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தேன். "ஆமாண்டா கண்ணு. அப்பா செத்துப்போயிட்டார்" என்றேன். அந்தச் சொல்லைத் தமிழில் அதற்கு முன் யாரிடமும் நான் சொன்னதில்லை. அவள் பழத்தை என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போனாள். வெகு நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கியிருந்தாள்.

அந்தக் கோடை முழுவதும் போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். கணவர் எங்கே, எப்போது, எந்தத் தேதி. டிசீஸ்ட் என்றால் காலமானவர் என்று அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதன்பின் நானே முந்திக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். ஒருநாள் போனை வைத்த பிறகுதான் உறைத்தது. குரல் கொஞ்சம்கூட உடையாமல், ஃப்ளாட் நம்பரைச் சொல்வதுபோலச் சொல்லியிருந்தேன். அன்றைக்கு அழுததுபோல அவர் போன அன்றுகூட நான் அழவில்லை.

பள்ளி திறக்கும் சமயத்தில் செக் வந்தது. அவர் பெயரும் என் பெயரும் ஒன்றாக அச்சாகியிருந்தன. வங்கியில் நீட்டினேன். கவுண்ட்டர் பெண் இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும் என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் மேனேஜரைக் கூட்டிவந்தாள். செக்கைத் திருப்பி அனுப்பி, என் பெயருக்கு மட்டும் வேறு வாங்கவேண்டும் என்று அவர் சொன்னார்.

அக்கா ஒருநாள் லீவு போட்டு, வரி அலுவலகத்துக்கு என்னைக் காரில் அழைத்துப் போனார். டோக்கன் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தோம். எங்கள் முறை வந்தபோது, கவுண்ட்டரில் தலை நரைத்த ஒருவர். மரணச் சான்றிதழைப் பார்த்தார். ஒரு படிவத்தைத் தந்து எங்கே நிரப்பவேண்டும் என்று விரல்வைத்துக் காட்டினார். பிறகு செக்கைக் கேட்டார்.

நான் கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடாது என்று நினைக்கவும் இல்லை. கை வரவில்லை, அவ்வளவுதான். அவர் அவசரப்படுத்தாமல் தன் பேனாவை மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தார்.

"செக்கைப் போட்டோ கொப்பி ஒண்டு எடுத்துத் தரச்சொல்லிக் கேக்கட்டோ?" என்றார் அக்கா காதோரமாக.

"வேணாம்க்கா."

"பிறகு நினைச்சுக் கவலைப்படுவியள்."

"வேணாம். ரெண்டு பேரும் சைன் பண்ணணுமாமே. காப்பியை வச்சுண்டு நான் என்ன பண்ணப் போறேன்?"

செக்கைக் கவுண்ட்டரில் வைத்தேன். அவர் அதைப் படிவத்தோடு சேர்த்துக் கிளிப் போட்டுத் தட்டில் வைத்தார். திரும்பும்போது வீடு நெருங்கும் சமயம், அக்கா, எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் தன் தம்பி காணாமல் போனதைச் சொன்னார். "எங்களுக்கு ஒரு சேர்ட்டிபிகேட்டும் இல்லை" என்றார். அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

என் பெயர் மட்டும் போட்ட செக் இலையுதிர் காலம் முடியும்போது வந்தது. மகளுக்குக் குளிர்கோட்டு வாங்கினேன். பாக்கி வாடகையைக் கட்டினேன். மிச்சத்தில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். மெட்ராஸ் போகவில்லை.

மறு வசந்தத்தில், எங்கள் ஊர்ப் பக்கத்து அங்கிள் ஒருவர், ஆடிட்டர் வேலை பார்த்தவர், எனக்கு வரிப் படிவம் போட்டுத்தர ஒப்புக்கொண்டார். அவர் வீட்டு ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"இந்த வருஷமும் ஜாயிண்ட்டாவே ஃபைல் பண்ணலாம்மா" என்றார்.

"அவர்தான் மார்ச்லயே போயிட்டாரே, அங்கிள்."

"அது பரவால்ல. போன வருஷத்துல கொஞ்ச நாளாவது இருந்தாரோல்லியோ. சட்டப்படி வருஷம் முழுக்கக் கல்யாணம் ஆனவாதான். அடுத்த வருஷம்தான் வேற மாதிரி."

என் கணவர் பெயர் முதலிலும் என் பெயர் அடுத்தும் எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையெழுத்துப் போடவேண்டிய கோட்டில், உயிரோடிருக்கும் துணைவி என்ற நிலையில் தாக்கல் செய்கிறேன் என்று ஆங்கிலத்தில் என்னையே எழுதச் சொன்னார் அங்கிள். எழுதினேன். அங்கிள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "ரீஃபண்டு வராது. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் கட்டவேண்டி இருக்கும்மா" என்றார். சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கட்டிடறோம், அங்கிள்" என்றேன்.