மூன்றடிக் கோடு

அமெரிக்காவில் கல்லூரியில் படிக்கும் பேத்தி போன வாரம் மைதானத்தில் உட்கார்ந்துகொண்டு வீடியோவில் கூப்பிட்டாள். நீளப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற, அந்த நாட்டு ஃபுட்பால். ஒருவன் தூரமாய் எறிந்தான், இன்னொருவன் பிடித்து எல்லை தாண்டினான், கூட்டம் கத்தித் தீர்த்தது. அதற்குள் நடுவர் தப்புக்கு அடையாளமாய்த் தரையில் எறிந்திருந்த மஞ்சள் துணியைக் காட்டி, செல்லாது என்றுவிட்டார்.

"ஏன்னு சொல்லவா தாத்தா?"

"நான் சொல்றேன். தடுக்க நின்ன தடியன் எவனோ, பந்தை எறியறதுக்கு முந்தியே முன்னால ஓடிட்டான்."

"அதேதான் தாத்தா! எப்படித் தெரியும்?" என்றாள் பேத்தி. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் பழவங்காடியில் மேஜை துடைக்க ஆரம்பித்து, இன்று கழக்கூட்டம் வரை நாலு ஹோட்டல் நடத்துகிறவன். எனக்குத் தெரியாதது கொஞ்சம். அதிலும் இந்தச் சட்டம் நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டது.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பா சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கினார். அம்மாவின் தம்பி கப்பலில் வேலை பார்த்தவர். திடீரென்று ஒரு நாள் தகரப் பெட்டியும் அந்த நீளப் பந்துமாக எங்கள் ஒற்றை அறை வீட்டில் வந்து இறங்கினார். லீவு என்றார். லீவு நீண்டுகொண்டே போனது. உட்கார்ந்தால் மாமாவின் கால் ஆடும். எழுந்தால் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பார்.

அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "என்ன மாப்ள, கப்பல் இன்னும் கூப்பிடலியா?" என்பார். மாமா பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அப்படித்தான் எங்கள் சந்துக்கு அமெரிக்க ஆட்டம் வந்தது. இந்த ஊரிலேயே அதை முதலில் ஆடியவர்கள் நாங்கள்தான். மறுப்பவர்கள் என் கடைக்கு வந்து பேசட்டும். முன்வரிசையில் ஐந்து பேர் சுவர் மாதிரி நின்று எதிராளியைத் தடுக்க வேண்டும். பின்னால் நிற்பவன் எறிவான், காற்றாய் ஓடுகிறவர்கள் பிடிப்பார்கள். பந்து எறிபவன் கையை விட்டுப் போகும் வரை சுவர்க்காரன் மூன்றடிக்கு மேல் முன்னே போகக் கூடாது. மாமா அம்மாவின் கோலப்பொடியால் கோடு போட்டுக் காட்டுவார். உடம்பு பருமன் என்பதால் நான் சுவர். எனக்கோ ஒரு இடத்தில் நிற்பது ஆகவே ஆகாது. பின்னாளில் நாலு ஹோட்டல் ஆனதும் அந்தக் குணத்தால்தான்.

சந்தைக்குப் பின்னால் ஒரு காலி மனை. அதற்காக எங்களுக்கும் வலியசாலை அக்ரஹாரத்துப் பையன்களுக்கும் தினமும் சண்டை. கடைசியில், புது ஆட்டத்தில் ஜெயிக்கிறவர்களுக்கு மனை என்று பந்தயம் ஆயிற்று. சட்டம் தெரிந்தவர் ஒருவர்தான் என்பதால் மாமாவே நடுவர்.

"உன் மாமா உங்க பக்கம் சாய்ஞ்சு கள்ளக்களி காட்டினா ஆட்டமே வேண்டாம், கேட்டியோ?" என்றான் அவர்கள் தலைவன்.

இரண்டு பக்கமும் புள்ளியில் சமமாக நின்றபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. மூட்டை இறக்கிய கையோடு அப்பா ஓரமாக வந்து நின்றார். என் ஆட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. எங்கள் பையன் பந்தை ஓங்கினான். என் கால் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி ரெண்டு எட்டு வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் பந்து என் தலைக்கு மேலே போயிற்று. எங்கள் ஒல்லிப்பிச்சான் அதைப் பிடித்து எல்லைக்கு அப்பால் விழுந்தான். அப்பா தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றினார்.

மாமா விசில் ஊதினார். "செல்லாது."

"மாமா, நான் பந்தத் தொடவே இல்லியே!"

"தொட்டியான்னு யாருல கேட்டா? போகலாம்னு ஆகறதுக்கு முந்தி போனியா இல்லியா?"

"ரெண்டு எட்டுதான மாமா? அதுல யாருக்கு என்ன நட்டம்?"

"நானும் அதத்தாம்ல கேட்டேன்," என்றார் மாமா. யாரிடம் கேட்டார் என்று சொல்லவில்லை.

அடுத்த எறியில் அவர்கள் ஜெயித்தார்கள். மனை போயிற்று. "சொந்த மருமவனுக்கே ஊதுறான் பாரு," என்று அப்பா துண்டைக் கட்டிக்கொண்டு நடந்தார். நான் மாமாவோடு பேசுவதை நிறுத்தினேன். மழைக்காலம் முடிவதற்குள் அவர் பம்பாய்க்கு ரயிலேறிவிட்டார். கப்பலுக்கு அல்ல, ஏதோ மெஸ்ஸில் வேலைக்கு.

என் இரண்டாவது ஹோட்டல் திறந்த அன்றுதான் அம்மா சொன்னாள். அமெரிக்கத் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, கரையில் இறங்க அனுமதி வருவதற்கு முன்பே மாமா இறங்கிப் போய்விட்டாராம். ஊரே ஆட்டம் பார்க்கப் போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொறுக்க முடியவில்லை. ஆட்டம் பார்த்தார், ஒரு பந்து வாங்கினார், திரும்பி வந்தார். எதையும் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. வேலை போயிற்று.

இவ்வளவும் தெரிந்தவன் என்ற மிதப்பில், போன வாரம் வீடியோவில் இருந்த பேத்தியிடம், "மூணடிதானே கணக்கு?" என்றேன்.

"மூணு அடியில்ல தாத்தா, மூணு யார்டு. ஒம்பது அடி போலாம்."

மூன்றடியோடு பத்து வயதுக் காலின் ரெண்டு எட்டைச் சேர்த்தாலும் ஒன்பது வராது. அன்று ஒல்லிப்பிச்சான் பிடித்தது செல்லும்! மாமா தப்பாக நினைவு வைத்திருந்தார் என்று சிரிக்கப் போனேன். அப்போதுதான் மாமா ஆட்டம் சொல்லிக்கொடுத்த முதல் நாள் ஞாபகம் வந்தது. மாமா முதலில் கோட்டை வெகு தூரத்தில்தான் போட்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காலால் அழித்துவிட்டு, எங்கள் கால்மாட்டிலேயே இன்னொன்று போட்டார்.

"இதுக்குள்ளயே நில்லுங்கல," என்றார்.

என்னை ஓடவிடக் கூடாது என்கிற வஞ்சம் என்றுதான் அன்று நான் நினைத்தேன்.