முதல் சிரட்டை யாருக்கு

எங்கள் ஊர்ச்சங்கம் இரண்டாக உடைந்தது ஒரு நன்றியுரையால். கோடைகால ஒன்றுகூடலில் நன்றி சொன்னவர், கூழ் காய்ச்சக் கிடாரம் கொண்டுவந்த ஆளுக்கும் பிறகுதான் என் மச்சானின் பெயரைச் சொன்னார். அடுத்த கிழமையே மச்சான் தனிச் சங்கம் தொடங்கிவிட்டான். பெயர் பழைய பெயர்தான், முன்னால் 'அனைத்துலக' மட்டும் புதிது. அதில் சேர்ந்தவர்களில் அரைவாசிப்பேர் மோர்னிங்சைட் தெருவைத் தாண்டிப் பக்கத்து ஊர் அஜக்ஸ் வரைக்கும்கூடப் போகாதவர்கள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கோயிலில் காளாஞ்சி மரியாதையை யாருக்கு முதலில் கொடுப்பது என்று வழக்குப் பேசிய சனம் நாங்கள். ரொறன்ரோவுக்கு வந்து குளிருக்கு உடுப்பை மாற்றினோம், அதை மாற்றவில்லை. ஏன் மாற்றவேண்டும்? யாரை முதலில் மதிக்கிறான் என்பதில்தான் ஒரு மனிதனின் மனது தெரிகிறது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். இரண்டு வருடம் நாங்கள் பேசவில்லை. மனைவி தனியாக அவன் வீட்டுக்குப் போய் அழுதுகொண்டு தனியாகத் திரும்பி வருவாள். ஆனால் இரண்டு சங்கத்துக்கும் கூடுவதற்கு இருந்தது ஒரே இடம், நூலகத்துக்குப் பக்கத்தில் நகரசபையின் அறை ஒன்று. செவ்வாய் நான் தலைவராக இருந்த பழைய சங்கத்துக்கு, வியாழன் அவர்களுக்கு. பனிக்காலம் முழுக்க மகனின் பேஸ்மெண்டில் அடைந்து கிடக்கும் வயதுபோனவர்கள் அங்கே வந்துதான் நாலு வார்த்தை பேசுவார்கள்.

ஒரு மார்கழியில் நகரசபை உறுப்பினரின் உதவியாளர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். இனி ஒரு ஊருக்கு ஒரு சங்கத்துக்குத்தான் அறை என்றார். உறுப்பினர் என்னைத்தான் உண்மையான தலைவர் என்று கருதுகிறாராம். எங்கள் பொங்கல் விழாவுக்கு வந்து மேடையிலேயே அதை அறிவிப்பாராம், மண்டபம் நிறையச் சனம் இருந்தால் நல்லதாம். தேர்தல் வருகிறது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உறுப்பினருக்கு எதிராகப் போட்டியிடுகிறவர் மச்சானிடம் போய் அதே அறையை அவனுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றும் கதை வந்தது. எனக்குப் பெருமையில் புளுகம் தாங்கவில்லை. பதவியில் இருக்கிறவர் என் பக்கம் அல்லவா?

அந்தப் புளுகத்தை வேலையிடத்தில் அவிழ்த்துவிட்டேன். நாங்கள் சாமான் ஏற்றியிறக்கும் வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவைச் சேர்ந்தவர். என் வயது, உடம்பு என்னைப்போல் இரண்டு மடங்கு. மதியச் சாப்பாட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். உன்னுடைய கதை என் பூட்டனாருடைய கதை என்றார்.

பூட்டனார் தீவின் மேற்குக்கரைக்குத் தலைவர். கிழக்குக்கரைக்கு இன்னொருவர். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்திகள், ஆனால் ஆளை ஆள் கண்டால் ஈட்டிதான் பேசும். ஒரு வல்லரசின் கப்பல் மேற்குக்குத் துவக்கும் குண்டும் கொடுத்தது. மற்ற வல்லரசு கிழக்குக்குக் கொடுத்தது. பூட்டனார் ஒன்றும் உத்தமர் இல்லை. எந்தக் கப்பல் கரையில் நிற்கிறதோ அந்தக் கொடியை ஏற்றுவார், கப்பல் போனதும் கொடியை இறக்கிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பிப்பார். வெள்ளைக்காரனை நான்தான் ஏய்க்கிறேன் என்று அவர் நினைத்தார். கிழக்குத் தலைவரும் அப்படியே நினைத்தார். செத்தது இரண்டு கரைச் சனமும்தான்.

பிறகு ஒருநாள் இரண்டு கப்பலும் ஒன்றாக வந்தன. அவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். தீவுக்கு ஒரு அரசன் போதும், மேற்குத் தலைவரே இருக்கட்டும், அவரோடு ஒப்பந்தம் செய்வோம் என்றார்கள். அந்தத் தீவில் எந்தப் பேச்சும் ஒரு பானத்தோடுதான் தொடங்கும். ஒரு வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் கொடுப்பார்கள். அந்தச் சபையில் யார் பெரியவரோ அவருக்கு முதல் சிரட்டை. முதல் சிரட்டை போன பிறகு யாரும் மறுத்துப் பேச முடியாது. கப்டன்மார் இருவரும் விறைப்பான உடுப்போடு முன்வரிசையில் இருந்தார்கள். தோற்றதைப் பார்க்கட்டும் என்று கிழக்குத் தலைவரைக் கூப்பிட்டுக் கடைசியில் இருத்தியிருந்தார்கள். பூட்டனார் சிரட்டையைத் தன் கையாலேயே எடுத்தார். கப்டன்மாரின் முழங்கால்களைத் தாண்டி நடந்து போய்ச் சம்பந்தியிடம் கொடுத்தார். கப்டன்மாரின் முறை வந்தபோது பாத்திரத்தில் மண்டிதான் இருந்தது.

பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். தீவைப் பிடித்துக்கொண்டார்கள் என்றார். பூட்டனாரைக் கப்பலில் ஏற்றி வேறொரு தீவில் விட்டார்கள், அங்கேயே செத்தார். அப்படியென்றால் சிரட்டையால் என்ன பயன் என்றேன்.

"அவர்கள் எடுத்தார்கள்," என்றார். "நாங்கள் கொடுக்கவில்லை."

வீட்டுக்கு வந்தும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. என் மச்சானோடு சண்டை பிடிக்க எனக்கு உரிமை இருக்கிறது. அவன் நான் தாலி கட்டியதால் வந்த உறவு, நான் அவனைத் திட்டுவேன், அவன் என்னைத் திட்டுவான். அந்தச் சண்டையை இன்னொருவன் வந்து தன் தேர்தலுக்கு வாடகைக்கு எடுப்பதா? மனைவியிடம் அண்ணனைப் பொங்கலுக்குக் கூப்பிடச் சொன்னேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மச்சான் வந்தான். பட்டு வேட்டி, பக்கத்தில் அவனுடைய வேட்பாளர், பின்னால் அவனுடைய சங்கத்துச் சனம். தன்னை அவமானப்படுத்தத்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்து, வாங்கிக் கட்டாமல் திருப்பிக் கொடுக்கத் தயாராகவே வந்திருந்தான். முன்வரிசையில் நகரசபை உறுப்பினர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் மெழுகுதிரியைக் கொளுத்தினேன். உறுப்பினர் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டார், படம் எடுக்கிறவர் குனிந்துவிட்டார். நான் அவரைத் தாண்டிப் போனேன். அந்த வேட்பாளரையும் தாண்டினேன்.

"மச்சான், முதல் திரியை நீ ஏத்து," என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். இதில் என்ன சூது என்று தேடியிருப்பான். பிறகு மெழுகுதிரியை வாங்கினான். முதல் திரியை ஏற்றித் தங்கச்சியைக் கூப்பிட்டான். அவள் இரண்டாவதை ஏற்றினாள். மற்ற மூன்றையும் எங்கள் இரண்டு சங்கத்து வயதுபோனவர்கள் ஏற்றினார்கள். விளக்குக்கு முகம் ஐந்துதானே, விருந்தினருக்கு மிஞ்சவில்லை. உறுப்பினர் பொங்கல் சாப்பிடாமலே போனார். மச்சானின் வேட்பாளர் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

உதவியாளர் திரும்பவும் தொலைபேசி எடுத்தார். ஒரே ஒரு பெயர் சொன்னால் இன்னும் யோசிக்கலாம் என்றார். நான் இரண்டு பெயர் சொன்னேன். அவனிடம் கேட்டவர்களுக்கு மச்சானும் இரண்டு பெயர் சொன்னானாம். மாசி மாதம் அறைக்குப் பூட்டு விழுந்தது, திருத்தவேலை என்று ஒட்டியிருந்தார்கள். சனம் என்னைத்தான் பேசியது. என் வீறாப்புக்கு இவர்களுடைய அறை போய்விட்டது என்று ஒரு அன்ரி என் முகத்துக்கு நேரே சொன்னார். நெஞ்சுக்குள் சுட்டது. ஆனால் திரும்பவும் அந்த மெழுகுதிரி கையில் கிடைத்தால் அதே வழியில்தான் நடப்பேன்.

இப்போது செவ்வாயும் வியாழனும் இரண்டு சங்கமும் ஒன்றாக ஷொப்பிங் மோலில் சாப்பாட்டு மேசைகளில் கூடுகிறோம். ஆளுக்கொரு கோப்பி, அதோடு முழுப் பின்னேரமும். மச்சானும் நானும் பழையபடி எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்கிறோம். போன கிழமை பாதுகாப்புக்கு நிற்கிறவர் வந்தார், தமிழ்நாட்டுக்காரர்.

"சார், ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்கன்னு மேனேஜர் சொல்றாரு. இங்க யாரு சார் லீடர்?"

நான் வாய் திறக்க முதலே மச்சான் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான்.

"நாங்கள் ரெண்டு பேரும்தான், தம்பி. ஆரோடை கதைக்க விருப்பமோ அவரோடை கதையும், மறுமொழி ஒண்டுதான். நாங்கள் எழும்பமாட்டம்."

ஒருவரும் எழும்பவில்லை.