மேஸ்திரியின் தூக்குப்போசி

எங்கள் இல்லத்து மருந்து அறையில், ஃப்ரிட்ஜின் தலைமேல் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி இருக்கிறது. சின்னதுதான், இரண்டு தம்ளர் பால் கொள்ளும். மூடியில் ஒரு பெண்ணின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்: “இது ஏனுங்க்கா சும்மா கெடக்குது? பஞ்சு போட்டு வெச்சுக்கலாமுங்களே?” நான் வள்ளென்று விழுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த வாயால் ஒரு மனிதருக்கு என்ன செய்தேன் என்பதுதான் தெரியாது.

அவரை நாங்கள் மேஸ்திரி என்றே கூப்பிட்டோம். நாற்பது வருடம் நூல் மில்லில் இருந்தவர். மனைவி இறந்த பிறகு, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்த மகன் அவரைக் கொண்டுவந்து மதுக்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் முதியோர் இல்லத்தில் சேர்த்தான். கன்னியாஸ்திரிகள் நடத்தும் இடம். பெரிய சிஸ்டர்தான் பொறுப்பு. நான் சூலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்துகொண்டிருந்த நர்ஸ். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, ஆனால் எழுபது வயதுக்காரர்களை எல்லாம் அதட்டி உட்கார வைப்பதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன்.

மேஸ்திரி அதட்டல் தேவைப்படாத ஆள். ஆறு மணிக்குச் சட்டையைத் தொப்புளுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஊசி போட வசதியாக, நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருப்பார். ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்ட மாதிரி ஒரு ஒழுங்கு. என்னைத் தன்னில் பாதி வயதுள்ளவளைப் போல அல்ல, தன் மேலதிகாரியைப் போல நடத்துவார். “வாங்க அம்மணி, குத்திப்போடுங்க” என்பார். ஊசி போட்டுக்கொண்டே மில்லுக் கதை கேட்பேன். நூல் அறுந்துகொண்டே இருந்தால் சூப்பர்வைசர்கள் முதலில் பெண்களைத்தான் திட்டுவார்களாம். இவர் குறுக்கே போய் நிற்பாராம். “ஆளைப் பேசறதுக்கு முன்னால மெஷினைப் பாருங்கன்னு சொல்லுவனுங்க அம்மணி. பத்துக்கு எட்டு வாட்டி மெஷின்லதான் கோளாறு இருக்கும்.”

மருந்து விஷயத்தில் எனக்கு அப்போது நிறையக் கர்வம் உண்டு. நான் வருவதற்கு முன் மாத்திரைகள் தலையணைக்கு அடியிலும் பிஸ்கட் டப்பாவிலும் கிடந்தன. பட்டையைக் கத்தரித்து ஒற்றை ஒற்றையாக வைத்திருப்பார்கள், எது யாருடையது, எப்போது காலாவதி என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். நான் வந்து பூட்டுள்ள அலமாரி வாங்க வைத்தேன். ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கொரு பெயர், சாவி என் இடுப்பில். ஊசி மருந்துக்கு மட்டும் இடமில்லை. இருந்த ஒரே ஃப்ரிட்ஜ் சமையலறையில் இருந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டவர் இல்லத்திலேயே மேஸ்திரி ஒருவர்தான் என்பதால், அவருடைய பாட்டில்களை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தயிருக்குப் பக்கத்தில் வைத்தேன். டப்பாவில் இடம் போதவில்லை என்று அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக் குப்பையில் போட்டதும் நான்தான். உறையவிடக் கூடாது என்று அந்த அட்டையில்தான் அச்சடித்திருக்கும். சமையல்கார அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்: “அக்கா, இது உசுரு மருந்து. சூடு பட்டாக் கெட்டுப்போயிரும். எந்நேரமும் ஜில்லுன்னே இருக்கோணும்.” அக்கா பயபக்தியோடு தலையாட்டினாள். பாதி பாடத்தைச் சொல்லிவிட்டு முழுதும் சொன்னதாக நினைத்துக்கொண்டேன்.

எங்களைப் போன்ற இல்லங்களில் விருந்து நாள் என்று ஒன்று உண்டு. யாராவது தங்கள் அப்பாவின் நினைவு நாளுக்கோ பிள்ளையின் பிறந்த நாளுக்கோ குடும்பத்தோடு வந்து சாப்பாடு போடுவார்கள். வடை, பாயசம், ஆளுக்கொரு லட்டு, சில சமயம் கப் ஐஸ்கிரீம். சர்க்கரைக்காரர்கள் இருக்கிறார்களே என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடும். “ஒரு நாளைக்குத்தானுங்களே” என்பார்கள். வந்தவர்களை மனம் நோகப் பேசும் பழக்கம் இந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. இலையில் வைத்துவிடுவார்கள், நான் பின்னாலேயே போய் எடுத்துவிடுவேன்.

ஒரு பெரிய விருந்துக்கு அடுத்த வாரம் மேஸ்திரிக்கு வெறும் வயிற்றில் பார்த்தபோது சர்க்கரை முந்நூற்று நாற்பது காட்டியது. அதுவரை நூற்றைம்பதைத் தாண்டியதில்லை. “லட்டு எப்படி இருந்துச்சுங்க?” என்று கேட்டேன், எல்லோர் காதிலும் விழும்படி. “நான் திங்கலீங்க அம்மணி” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த மாதம் புது பாட்டில்கள் வந்ததும் சர்க்கரை இறங்கியது. “பாத்தீங்களா, வாயைக் கட்டினதும் எறங்கிருச்சு” என்று பாராட்டினேன். மறுபடி ஒரு விருந்து. மறுபடி முந்நூற்றுக்கு மேல். மூன்றாவது முறையும் அப்படியே ஆனபோது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. விருந்து வந்தால் ஏறுகிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அவருடைய பெட்டியைச் சோதனை போட்டேன். வேட்டிகளுக்கு அடியில் இந்தத் தூக்குப்போசி இருந்தது. திறந்தால், காகிதத்தில் சுற்றிய இரண்டு லட்டு. ஹாலில் இருபது பேர் பார்க்க அதைத் தூக்கிக் காட்டினேன். மேஸ்திரியின் காது மடல்கள் சிவந்துவிட்டன. “பேத்திக்குங்க அம்மணி. முதல் ஞாயித்துக்கிழமை வருவாளுங்க. அவளுக்குத்தானுங்க எடுத்து வெச்சேன்.” யாரும் நம்பவில்லை. இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்: தின்கிற மனிதன் லட்டை ஏன் மிச்சம் வைக்கிறான்? இரண்டும் விண்டுகூடப் பார்க்காமல் முழுசாக இருந்தன. அவர் தின்னவில்லை என்பதற்கான சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவரைத் திருடனாக்கினேன்.

சிஸ்டர் மகனுக்குப் போன் செய்தார். அவன் அந்த ஞாயிறு தனியாக வந்தான். வேலை, கடன், இரண்டு பஸ் என்று களைத்துப் போயிருந்த மனிதன், கெட்டவன் அல்ல. “இந்த வயசுல பொய் சொல்றதுக்கு வெக்கமா இல்லையாப்பா? உங்களுக்கு எப்பச் சர்க்கரை எறங்குதோ அப்பப் புள்ளையக் கூட்டிட்டு வாரேன். அது வரைக்கும் இல்லை” என்றான். அப்படிச் சொல்லச் சொல்லி யோசனை கொடுத்தவளே நான்தான். குழந்தைக்காகவாவது வாயைக் கட்டுவார் என்று நினைத்தேன்.

அவர் வாயைக் கட்டினார். நாங்கள் கொடுப்பதிலும் பாதிதான் சாப்பிட்டார். இட்லி மூன்று வைத்தால் ஒன்று. ராகிக் களியில் ஒரு உருண்டை, அதுவும் நான் பார்க்கும்போதுதான் வாயில் வைப்பார், தான் என்ன சாப்பிடுகிறோம் என்பதற்கு என்னைச் சாட்சி வைப்பது போல. விருந்து நாட்களில் இலைக்கே வரமாட்டார். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. அப்போது வாரம் தவறாமல் விருந்து வந்துகொண்டிருந்தது, சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் ஊசியைக் கையில் எடுத்தபோது, “ஏனுங்க அம்மணி, கோவிச்சுக்காதீங்க. அந்த மருந்தைக் கொஞ்சம் பாருங்களேன்” என்றார். “மருந்து என்னுங்க பண்ணும்? கம்பெனி மருந்து” என்றேன். பாட்டிலின் உள்பக்கத்தில் வெள்ளைத் துணுக்குகள் திரிந்த பால் போல ஒட்டிக்கொண்டிருந்தன. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் பார்த்தேன் என்று அவரைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதும் இல்லை. குளிரில் அப்படித்தான் இருக்கும் என்று உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து இன்னும் நாலு தரம் உருட்டிவிட்டுப் போட்டேன்.

செருப்பு கடித்த புண் ஒன்று அவருடைய வலது காலில் ஆறவே இல்லை. முதலில் விரல் கறுத்தது. கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார்கள். மகன் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினான். எடுத்தார்கள்.

அவர் அங்கே படுத்திருந்தபோது எங்களுக்கு ஒரு விருந்து வந்தது. வெயில் நாள். வந்தவர்களில் ஒருவருக்குத் தலை சுற்றியது என்று ஐஸ் கட்டி எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். ஐஸ்கிரீம் கப்புகளுக்குப் பின்னால் என் பிளாஸ்டிக் டப்பா. மேஸ்திரி திரும்பி வந்தால் வேண்டுமே என்று வைத்திருந்த இரண்டு பாட்டில்களும் கல்லாக இருந்தன. அக்காவைக் கூப்பிட்டேன். அவள் கரண்டியோடு வந்து, பெருமையாகவே சொன்னாள்: “நீங்கதானுங்களே சொன்னீங்க, சூடு பட்டாக் கெட்டுப்போயிரும்னு. விருந்தன்னிக்குக் கதவைத் தொறந்து தொறந்து மூடறமுங்க, உள்ளுக்குக் குளுரே நிக்கறதில்லீங்க. அதுக்காவ ஒவ்வொரு விருந்துக்கும் மேல வெச்சுப்போடுவனுங்க. எல்லாரும் போனதும் எறக்கி வெச்சுப்போடுவேன். ஒரு வாட்டி கூட மறக்கலீங்க.” உறைந்த இன்சுலின் மறுபடி உருகினாலும் அதை நம்பிப் போட முடியாது என்று நான் படித்திருந்தேன். அவளுக்குச் சொல்லத்தான் இல்லை.

மறுநாள் காலை பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். காய்ச்சலில் இருந்தார், ஆனால் என்னைத் தெரிந்தது. போர்வை ஒரு பக்கம் சட்டென்று தட்டையாகிப் போயிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ரீசர், அட்டைப்பெட்டி, வெள்ளைத் துணுக்கு. அழுதுகொண்டே சொன்னதால் எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. மேலே மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டார்: “அப்ப நான் திங்கலைன்னு ஆயிருச்சுங்களா அம்மணி?”

“ஆமாங்க. நீங்க திங்கலீங்க.”

“பையன்கிட்டச் சொல்லிப்போடுங்க. புள்ளையக் கூட்டிட்டு வரட்டும்.”

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சிஸ்டரிடம் வந்து சொன்னேன். அவர் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு, “இதைப் போன்ல சொல்லக் கூடாதும்மா. ஞாயித்துக்கிழமை அந்தத் தம்பி வருவார் இல்ல, நானே நேர்ல உக்காந்து சொல்றேன்” என்றார். அதில் நியாயம் இருந்தது. அதைவிட, எனக்கு நிம்மதி இருந்தது. என் வாயால் சொல்ல வேண்டியதில்லை, அதுவும் ஞாயிறு வரைக்கும் இல்லை. வாய் நீளம் என்று பெயர் வாங்கியவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டது அந்த மூன்று நாட்கள்தான். வெள்ளிக்கிழமை மதியம் மேஸ்திரி போய்விட்டார். பேத்தி வந்தாள், பிணத்தைப் பார்க்க.

பதினாறாம் நாள் காரியம் கழித்து மகன் சாமான்களை எடுக்க வந்தான். குழந்தையும் கூட வந்திருந்தாள். சாவன்று சொல்ல மனம் வராத சிஸ்டர் அப்போதுதான் அவனை அறைக்குள் அழைத்துப்போய்ச் சொன்னார். நான் வெளியே பெட்டியோடும் போசியோடும் நின்றேன். வெளியே வந்தவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவன் போசியை வாங்கி, மூடியில் இருந்த தன் அம்மாவின் பெயரை விரலால் தடவினான்.

“எத்தனை வெச்சிருந்தாருங்க?”

“ரெண்டுங்க.”

“என்ன பண்ணுனீங்க அதை?”

“குப்பைல போட்டுட்டனுங்க.”

குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் போசியை என் கையிலேயே திருப்பி வைத்தான். “இதை நான் ஊட்டுக்குக் கொண்டுபோனா தினமும் பாக்கோணும். நீங்களே வெச்சுக்கங்க” என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனான்.

இப்போது மருந்துக்கென்று தனி ஃப்ரிட்ஜ் இருக்கிறது. உள்ளே ஒரு வெப்பமானி தொங்குகிறது, இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் நிற்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்து எழுதுகிறேன். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட யாரையும் விடுவதில்லை. இல்லத்தில் இப்போது ஊசி போட்டுக்கொள்பவர்கள் நான்கு பேர். அதில் ஒரு அம்மா பெரிய கள்ளி. போன வாரம் விருந்து முடிந்து சர்க்கரை ஏறியிருந்தது. கேட்டால், “நான் ஒன்னுமே திங்கலியே கண்ணு” என்கிறார், உதட்டோரத்தில் ஜிலேபிப் பாகு காயக்கூட இல்லை. பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். நான் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து, வெப்பமானியைப் பார்த்து, பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான்குதான் காட்டியது, மருந்தும் சுத்தமாக இருந்தது. அதன் பிறகும் அந்த அம்மாவைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

கதவைச் சாத்தும்போது போசி லேசாக ஆடியது. சனிக்கிழமைதோறும் அதை இறக்கிக் கழுவித் துடைத்து, மூடி மேலேயே வைத்துவிடுகிறேன். உள்ளே எதுவும் போட்டதில்லை.