புதிர்ச்சோற்றுக்குப் பின் சொன்ன விலை

கடை வாசலில் லொறியிலிருந்து வெளிநாட்டுக் கப்பல் அரிசி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் சாவுச் செய்தி வந்தது. சாரதி முருங்கன் பக்கத்து ஆள். "மில் கனகசபை ஐயா விடியக் காலமை மோசம் போயிட்டாராம், தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். இறக்குவதை நான் நிறுத்தச் சொல்லவில்லை. வானம் இருண்டுகொண்டு வந்தது, அரிசி நனையக் கூடாது.

அவர் ஆலைக்கு நெல் கொண்டுபோன கமக்காரர்களாக, இதை வாசிக்கும் நீங்கள் கனகசபை அண்ணையை, கனகண்ணையை, அறிவீர்கள். நான் அவரை அறிந்தது தமிழ்நாட்டு அகதி முகாமில், அரிசிக்கு நின்ற வரிசையில். நான் தலைமன்னார்க் கரையோர ஆள், அவர் முருங்கன் வயல்காரர். ஊரில் இருந்திருந்தால் ஒருவரையொருவர் கண்டே இருக்க மாட்டோம். ஒருநாள் அரிசி வண்டி வரவில்லை. எல்லோரும் கத்தினார்கள். அவர் வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சூசை, இன்னொருத்தன் அளந்து தாற அரிசியிலை பசி ஆறும். பயம் ஆறாது." அன்றைக்கு எனக்குப் பசிதான் பெரிதாக இருந்தது.

திரும்பி வந்து அவர் முருங்கனில் நெல் ஆலை போட்டார். நான் மன்னார் பட்டினத்தில் மொத்த அரிசிக்கடை வைத்தேன். அவருடைய புழுங்கலையும் விற்றேன், கொழும்பிலிருந்து வந்த கப்பல் அரிசியையும் விற்றேன். அவர் அதற்காகக் கோபித்ததில்லை, நக்கலடிப்பார். வாடை அடித்து வள்ளங்கள் கரையில் கிடந்த ஒரு தை மாதம், தலைமன்னாரிலிருந்து வந்த ஒரு தாய் "எது மலிவு?" என்று மட்டும் கேட்டு, கப்பல் அரிசியை வாங்கிக்கொண்டு போனார். கனகண்ணை என் கடைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வென்றவன்போல நான் சிரித்தேன்.

"அவ கேட்டது சரிதான்," என்றார். "பசிச்ச ஆக்களுக்கு மலிவு வேண்டாமெண்டு ஆர் சொல்லுறது? ஆனா கப்பல் ஏன் எங்கடை அறுவடைக்குப் பாத்து வருது? மற்ற மாசங்களிலை சனத்துக்குப் பசிக்காதோ?"

அவருடைய வழக்கத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தைப்பூசத்தன்று வயலில் முதல் கதிர் அறுத்துப் புதிர் எடுத்து, வந்த எல்லோருக்கும் புது அரிசிச் சோறு போட்டபின், ஆலை முற்றத்தில் நின்று அந்தப் போகத்து நெல்லுக்கு விலை சொல்லுவார். எழுத்து எதுவும் இல்லை. சந்தை ஏறினால் கமக்காரர் வேறிடம் போகலாம். இறங்கினாலும் அவர் சொன்ன விலையை மாற்ற மாட்டார். மற்ற ஆலைக்காரர்களுக்கு அது பைத்தியக்காரத்தனம்.

ஒரு வருடம் இந்தியா அரிசி ஏற்றுமதியை நிறுத்தியிருந்தது. கடைகளில் தட்டுப்பாடு. வெளியிலிருந்து வராது, ஊர் நெல்லுக்கு விலை நிற்கும் என்று அவர் நினைத்தார். அதில் பிழை இல்லை. ஆனால் பூசத்துக்கு நாலு நாள் முன்னரே கொழும்பு வியாபாரி எனக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார்: இறக்குமதி திறக்கப் போகிறது, வேறொரு நாட்டுக் கப்பல் வந்துகொண்டிருக்கிறது, கையில் இருப்பதைத் தள்ளிவிடு. என் களஞ்சியம் முழுக்க அதிக விலைக்கு வாங்கிய அரிசி. அதை விற்றுமுடிக்க எனக்கு இரண்டு கிழமை வேண்டும். முருங்கனில் கதை வெளியே வந்தால் மன்னாரில் அன்றைக்கே பரவிவிடும், என் அரிசியை ஒருவரும் வாங்க மாட்டார்கள்.

பூசத்தன்று ஆலை முற்றத்தில் நானும் நின்றேன். புதிர்ச்சோற்றைச் சாப்பிட்டேன். அவர் விலை சொன்னார். யாரும் எதிர்பாராத நல்ல விலை. அடம்பனிலிருந்து வந்த ஒருவர், "உண்மையாத்தானோ ஐயா?" என்று இரண்டு தரம் கேட்டார். நான் கை கழுவப் போனேன்.

கப்பல் வந்தது. நெல் விலை விழுந்தது. மற்ற ஆலைகள் வாசலைச் சாத்த, எல்லா உழவு இயந்திரங்களும் நெல்லோடு அவர் வாசலுக்கு வந்து நின்றன. சொன்ன விலைக்கே வாங்கினார். அவர் அரிசி கப்பல் அரிசிக்குப் பக்கத்தில் விலைப்படவில்லை, என் கடையிலும்தான். மனைவியின் நகை போனது, காணி போனது. வெட்கமில்லாமல் நானே போய்ச் சொன்னேன்: "விலையை மாத்துங்கோ அண்ணை, ஒருத்தரும் குறை சொல்ல மாட்டினம்."

"சோறு போட்டுச் சொன்ன விலை, சூசை," என்றார்.

கடைசியாக வந்தவர்களின் நெல்லை வாங்க அவரிடம் எதுவும் மிஞ்சவில்லை. சொல் தவறியவர் என்று அவர்கள் ஏசிக்கொண்டு போனார்கள். ஆலை இயந்திரங்களை யாரோ கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். அவரை ஏசியவர்கள் இதை வாசித்தால், அந்த ஏச்சுக்கு உரியவன் நான் என்று அறிந்துகொள்ளுங்கள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். நெஞ்சுவருத்தம், குரல் மெலிந்துபோயிருந்தது. அப்போதுதான் சொன்னேன்: "கப்பல் வாறது எனக்கு முதலே தெரியும் அண்ணை. உங்கடை முற்றத்திலை நிக்கேக்கையே தெரியும்."

யன்னலைப் பார்த்துக் கிடந்தவர் என் பக்கம் திரும்பினார். "நான் எண்டாலும் சொல்லியிருக்க மாட்டன், சூசை. யாவாரம்தானே."

அவர் சொல்லியிருப்பார். அந்த நிமிடமே பஸ் ஏறி வந்து சொல்லியிருப்பார். அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். நான் நிம்மதியாக இருக்கட்டும் என்று சாகக் கிடந்த மனிதர் சொன்ன பொய் அது. கனகண்ணையிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு என்னால் ஒருநாளும் நிம்மதியாக இருக்க முடியவில்லை.